ரயில் வராத கிராசிங்கும் கவுன் போட்ட வாத்தும்

பெல்ஃபோர்டு நகரத்தின் ஏழாம் தெருவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு காலத்தில் ரயில் ஓடியது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய் இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பள்ளத்தைத் தார் ஊற்றி மூடிவிட்டார்கள். வண்டி அதன்மேல் ஏறி இறங்கும்போது கையிலிருக்கும் காப்பி சிந்தும், அவ்வளவுதான் மிச்சம். பெருக்கல் குறி மாதிரி இரண்டு பலகை வைத்த வெள்ளைக் கம்பம் மட்டும் இன்னும் நிற்கிறது. அது ரயில்காரர்களுடையதா நகராட்சியுடையதா என்று முடிவாகாததால் பிடுங்க ஆளில்லை. அந்த ரயில் கம்பெனியே இப்போது இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பதினொன்றே காலுக்கு ஒரு சின்ன வெள்ளைப் பேருந்து அங்கே வந்து நிற்கும். ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி இறங்கும், கதவு திறக்கும். ஆர்லிஸ் டீமன் ஒரு கையைத் தூக்கி, கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கள், கேட்க வேண்டும் என்பார். சுற்றிப் பார்க்க வந்த பதினாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருபத்தெட்டு வருடமாக வராத ரயில் இன்றைக்காவது வருகிறதா என்று காது கொடுப்பார்கள்.

ஏன் என்று கேட்டால், சட்டம் என்பார். ஆள் ஏற்றிய பேருந்து கிராசிங்கில் நின்று, கதவைத் திறந்து, இரண்டு பக்கமும் பார்த்து, காதால் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பலகை நிற்கிறதா, நிற்கிறது. அப்புறம் என்ன பேச்சு?

எழுபத்திரண்டு வயது ஆர்லிஸுக்கு. அதில் முப்பத்து நான்கு வருடம் பதினாலாம் நம்பர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். ஒரு கீறல் கிடையாது. ஊரில் பாதிப் பேர் அவர் வண்டியில் வளர்ந்தவர்கள், அந்தப் பாதிப் பேரையும் அவர் கெடுத்துவைத்திருக்கிறார். நாற்பது வயது ஆனவர்கள்கூடத் தங்கள் காரில் போகும்போது கிராசிங் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மேயர் ஒருமுறை வானொலிக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேட்டி கொடுத்துக்கொண்டே ஓட்டினார். நடுவில் பன்னிரண்டு விநாடி பேட்டியில் சத்தமே இல்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அவர் எந்தத் தெருவில் போகிறார் என்று தெரிந்துபோனது.

ஓய்வு பெற்று அவர் வீட்டில் தாங்கியது பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் சமையலறையில் மசாலா டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கிவைத்தார். அன்று மத்தியானமே அவர் மனைவி லவோன் சுற்றுலா அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, உங்களுக்கு ஓட்டுநர் வேண்டுமென்று கேள்விப்பட்டேன், என்னிடம் ஒருவர் இருக்கிறார், எப்போது அனுப்பட்டும் என்று கேட்டாள்.

இந்த ஊரைப் பார்க்கப் பேருந்து ஏறி வருகிறார்கள் என்பது எங்களுக்கே இன்னும் முழுசாக நம்பிக்கை வராத விஷயம். இந்தியானாவின் சோளக் காட்டுக்கு நடுவே நாற்பதாயிரம் பேர் இருக்கிற இடம். இங்கிருந்த தராசுத் தொழிற்சாலையின் முதலாளிக்கு அறுபதுகளில் ஒரு கிறுக்குப் பிடித்தது. உலகத்தில் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்களை எல்லாம் கூட்டிவந்து, ஊருக்கு நூலகம் கட்டு, தீயணைப்பு நிலையம் கட்டு, கோயில் கட்டு என்று சொல்லிவிட்டார். வட்டமான நூலகம் வந்தது. வட்டச் சுவரில் சதுர அலமாரியை எங்கே வைப்பது என்று நூலகர் இன்றுவரை கேட்கிறார். முழுக்கக் கண்ணாடியும் கான்கிரீட்டுமாக லூத்தரன் தேவாலயம் வந்தது. நகராட்சி வாசலில் எஃகுச் சிற்பம் ஒன்று வந்தது. ஊருக்குள் அதன் பெயர் நசுங்கின பீரோ.

ஒவ்வொன்றையும் திறந்துவைத்த அன்று ஊர் ஜனம் நின்று பார்த்துவிட்டு, "வித்தியாசமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனது. வெளியூர்க்காரர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் கடுமையாக ஒருவரையும் ஒன்றையும் ஏசுவதற்கு வார்த்தை கிடையாது.

அந்தக் கண்ணாடித் தேவாலயம்தான் டீமன் தம்பதியின் சபை. அதன் வாசலில் அகலமாக ஐந்து படி. கைப்பிடி கிடையாது. கைப்பிடி வைத்தால் கோடு கெட்டுவிடும் என்று கட்டியவர் வரையவில்லை, வரையாததை வைக்க அறுபது வருடமாக எந்தக் கமிட்டிக்கும் தைரியம் வரவில்லை. போன வருடம் பிப்ரவரியில், சபை விருந்துக்கு மீனும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட பெரிய தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு லவோன் அந்தப் படியில் ஏறினாள். மூன்றாம் படியில் பனிக்கட்டி. இடுப்பெலும்பு முறிந்து, பாவாடை ஏறி, முகம் நூடுல்ஸில் கிடந்தது. அந்த நேரம் பார்த்து ஓஹையோவிலிருந்து ஒரு பெரிய பேருந்து வந்து நின்றிருந்தது. ஓடிவந்து தூக்கினவர்கள் இருந்தார்கள். படம் பிடித்தவர் ஒருவரும் இருந்தார்.

இடுப்பை மாற்றிவைத்தார்கள், நன்றாகவே கூடியது. கோடையில் மருத்துவர், இனி நீங்கள் நடனமே ஆடலாம் என்றார். லவோன் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவள்தான். முதலில் வெயில் என்றாள். அப்புறம் மழை. அப்புறம் பனி. மளிகை ஆர்லிஸ் வாங்கிவந்தார், பிரசங்கத்தை வானொலியில் கேட்டாள். ஊன்றி நடக்கக் கொடுத்த நடைச்சட்டம் மடித்தபடியே அலமாரிக்குள் கிடந்தது. நாற்பத்தேழு வருடம் தன் வாய்க்குப் பயந்து ஊரே ஒதுங்கிப் போகும்படி நடந்த மனுஷி, தெருவைப் பார்க்கும் ஜன்னலில் திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆர்லிஸுக்குப் பயம் வந்துவிட்டது. இவள் இனி இந்த வீட்டைவிட்டு எழுந்து வரவே மாட்டாளோ என்ற பயம் அது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் தெரியாது.

இப்போது வாத்துக்கு வருவோம். எங்கள் ஊரில் வீட்டு முகப்பில் இரண்டடி உயரத்துக்கு ஒரு சிமென்ட் வாத்து வைத்திருப்பார்கள். அதற்குச் சட்டையும் போடுவார்கள். மழைக்கு மழைக்கோட்டு, நவம்பரில் தொப்பி, கிறிஸ்துமஸுக்குச் சிவப்பு அங்கி. ஏன் என்று கேட்பவர் வெளியூர்க்காரர். லவோனுடைய வாத்தின் பெயர் பியூலா. விழுந்த நாளிலிருந்து பியூலா ஒரே மஞ்சள் மழைக்கோட்டில் நின்று சாயம் போய்க்கொண்டிருந்தது.

ஏழாம் தெரு கிராசிங் ஆர்லிஸின் வீட்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வருடம் ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு ஆர்லிஸ் காது கொடுத்துக்கொண்டிருந்தபோது, மில்வாக்கியிலிருந்து வந்த ஓர் அம்மாள், அங்கே பாருங்கள், மழைக்கோட்டுப் போட்ட வாத்து என்றாள். பதினாலு பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படம் எடுத்தார்கள். ஜன்னல் திரை ஒரு விரல் அளவு விலகியதை ஆர்லிஸ் மட்டும் பார்த்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தையல் இயந்திரம் ஓடிற்று. பதினாலு மாதத்தில் முதல் தடவை. அடுத்த சனிக்கிழமை பியூலா புள்ளிபோட்ட கவுனில் நின்றது. வாத்துக்குக் கவுன் மாட்ட வேண்டுமானால் கதவைத் திறந்து முகப்புக்கு நாலு அடி வைத்து வர வேண்டும், வேறு வழியில்லை. அந்த நாலு அடியை ஆர்லிஸ் மனதுக்குள் அளந்துபார்த்தார். அந்த வாரம் இருபது விநாடிக்குப் பதில் ஒரு நிமிடம் ரயிலைக் கேட்டார். மே மாதம் இரண்டு நிமிடம் கேட்டார். ஜூலையில் நாலு நிமிடமும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. புருஷன் எதற்காக நிறுத்துகிறான் என்று அவளுக்குத் தெரியும், அவள் எதற்காகத் தைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் தக்காளிச் செடியைப் பற்றித்தான் பேசினார்கள்.

கவுனோடு நிறுத்தியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. லவோன் அப்படி நிறுத்துகிறவளும் இல்லை. ஜூன் கடைசியில் பியூலா, தலையிலிருந்து கால்வரை கண்ணாடிக் காகிதத்தைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு தேவாலயமாக நின்றது. இடுப்பில் ஒரு கட்டு. அடுத்த வாரம் அலுமினியத் தகட்டைக் கசக்கிப் போர்த்திக்கொண்டு நசுங்கின பீரோவாக நின்றது. ஆகஸ்டில் நூலகம், வட்ட வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாத வாத்து. பேருந்துக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எது மிகவும் பிடித்தது என்று கேட்கும் அட்டையில், பதினாலு பேரில் பதினொரு பேர் வாத்து என்று எழுதினார்கள்.

அந்த அட்டைகளை வாசிக்கிறவள் ட்ரீனா ஹோலன்பெக். சுற்றுலா அலுவலகத்தின் தலைவி, சனிக்கிழமைப் பயணத்தில் வழிகாட்டி. முப்பத்தெட்டு வயது. நீலக் கோட்டும், கழுத்தில் பெயர் அட்டையும், கூட்டத்துக்கு அடையாளமாகத் தூக்கிப் பிடிக்க ஒரு சிவப்புக் குடையும் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. சின்ன வயதில் அவளும் பதினாலாம் நம்பர் பேருந்துதான். ஒருத்தியின் பின்னலில் சூயிங்கம் ஒட்டியதற்காக இரண்டாம் வகுப்பு முழுக்க ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையில் உட்காரவைக்கப்பட்டவள். இன்றும் ஆர்லிஸை மிஸ்டர் டீமன் என்றுதான் கூப்பிடுவாள்.

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சிகாகோவிலிருந்து மூன்று நடுவர்கள் வருவதாக இருந்தது. நாட்டில் பார்க்கவேண்டிய சிறு நகரங்கள் என்று ஒரு பட்டியல் போடுகிறார்களாம், அதில் பெல்ஃபோர்டைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பார்க்க. ட்ரீனா நாலு வருடம் கடிதம் எழுதிக் கூப்பிட்ட கூட்டம் அது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் எலுமிச்சை போட்டுச் சுட்ட லெமன் பார் இனிப்பு ஒரு தட்டோடு ஆர்லிஸ் வீட்டுக்கு வந்தாள். முகப்பில் உட்கார்ந்து இருபது நிமிடம் வானிலை பேசினாள். சோள அறுவடை பேசினாள். ஆர்லிஸின் முழங்காலை விசாரித்தாள். அப்புறம் தன் தொடையில் இரண்டு தட்டுத் தட்டி, சரி, அப்படியானால் கிளம்புகிறேன் என்று எழுந்து, படியில் நின்று கால் மணி நேரம், கார் பக்கத்தில் நின்று பத்து நிமிடம். காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கிய பிறகுதான் வந்த விஷயத்தை எடுத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் எங்கள் ஊரில் அது சண்டைக்கு வந்ததாகிவிடும்.

"மிஸ்டர் டீமன், இந்த சனிக்கிழமை டிப்போ தெரு வழியா போயிடலாமான்னு பாக்குறேன்."

"அது சுத்து வழி."

"ஏழு நிமிஷம்தான் கூட. அப்புறமும் அந்த வழியே வச்சுக்கலாம்னு தோணுது. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. பியூலாவ எனக்கு ரொம்பப் பிடிக்கும். அது வந்து… ரொம்ப வித்தியாசமா இருக்கு."

ஆர்லிஸின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் திரை அசைந்தது.

அந்த வாத்து என் பெண்டாட்டியை நாலு அடி வெளியே கூட்டிவருகிறது, அதைப் பிடுங்காதே என்று சொல்ல அவருக்கு வாய் வரை வந்தது. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளை உட்காரு, உட்காரு என்று அதட்டிய வாய், இதைச் சொல்ல மட்டும் திறக்கவில்லை. சரி என்றார். பனி பெய்யுமுன் கூரைக் குழாயைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

உள்ளே போனால் லவோன் மேஜையில் லெமன் பார் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வித்தியாசமாவா?" என்றாள்.

"அவ நல்ல பொண்ணு, லவோன்."

"நல்ல பொண்ணுதான். யாரு இல்லேங்குறா? இதுல சக்கரதான் பத்தல."

தட்டில் கடைசித் துண்டு மிச்சமிருந்தது. கடைசித் துண்டை எடுப்பது இங்கே பெரிய அநாகரிகம். ஆளுக்குப் பாதி வெட்டிக்கொள்வார்கள், மிச்சத்தில் பாதி, அதில் பாதி என்று வெட்டிக்கொண்டே போவார்கள், துண்டு மட்டும் தீராது. வெள்ளிக்கிழமை இரவு படுக்கப் போகும்போது அது சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. சனிக்கிழமை காலையில் ஆர்லிஸ் பார்த்தபோது தட்டு காலி, கழுவிக் கவிழ்த்தும் வைத்திருந்தது. லவோன் இப்படிச் செய்து அவர் கண்டதில்லை.

முகப்பில் பியூலாவையும் காணோம். உள்ளே எடுத்து வைத்துவிட்டாளா என்று கேட்க நினைத்தார். இனி நிறுத்தப்போவதில்லை, அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது? கோட்டை மாட்டிக்கொண்டு போ, காற்று அடிக்கிறது என்று மட்டும் லவோன் சொன்னாள். நல்ல உடுப்பில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் போடும் அரக்கு நிறக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அதையும் பார்த்துவிட்டு, கேட்காமலேயே ஆர்லிஸ் கிளம்பினார்.

நடுவர்களில் ஒருவர் கழுத்தில் துண்டு சுற்றிய ஒல்லியான மனிதர், ஒருத்தி வட்டக் கண்ணாடிக்காரி, மூன்றாமவர் எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்கிறவர். மூவரும் நூலகத்தில் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். பழைய சிறைச்சாலை அருங்காட்சியகத்தில் ஷெரீஃபின் கட்டிலைப் பார்த்தார்கள். நசுங்கின பீரோவைச் சுற்றி இரண்டு முறை வந்தார்கள். ட்ரீனா ஒரு வார்த்தை தடுமாறாமல் பேசினாள். கட்டியவர் பிறந்த வருடம், கட்டின வருடம், எத்தனை டன் கான்கிரீட். ஒல்லி மனிதர் வாயை மூடிக்கொண்டே கொட்டாவி விட்டதை ஆர்லிஸ் கண்ணாடியில் பார்த்தார்.

பதினொன்றே காலுக்கு ஏழாம் தெரு முனை வந்தது. திரும்பாமல் நேரே போனார். ஸ்டியரிங் கையில் கனத்தது. அந்த நேரம் ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை நினைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஓட்டியதில் இப்படித் திருட்டுத்தனமாக ஒரு திருப்பத்தை அவர் தவிர்த்ததே இல்லை. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

டிப்போ தெருவின் கிராசிங் நிஜமான கிராசிங். தண்டவாளம் இருக்கிறது, மணி இருக்கிறது, தானியக் கிடங்குக்கு வரும் சரக்கு ரயிலும் இருக்கிறது. ஆர்லிஸ் பதினைந்து அடிக்கு முன்பே நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். கதவைத் திறந்தார். கையைத் தூக்கினார். கேட்டார்.

ரயில் வந்தது. ஊதிக்கொண்டு, மணியடித்துக்கொண்டு, நூற்றுச் சொச்சம் சோளப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது. நாற்பத்தேழு வருடம் அடுப்படியில் நின்று அந்தப் பதினொன்று இருபது மணி ஊதலைக் கேட்டவளுக்கு, அது எப்போது வரும், எவ்வளவு நேரம் போகும், ஆர்லிஸ் டீமன் எங்கே நிறுத்துவார் என்பதெல்லாம் அத்துப்படி. இது ஆர்லிஸுக்கு உறைப்பதற்குள் வலதுபக்கம் திரும்பிப் பார்த்துவிட்டார்.

கிடங்குக்கு முன்னால் புல்தரையில் பக்கத்து வீட்டு டுவைட்டின் பிக்கப் வண்டி நின்றது. டுவைட் அதன் பின்பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மடக்கு நாற்காலி. அதில் அரக்கு நிறக் கோட்டோடு, நடைச்சட்டத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு லவோன். அவளுக்கு அருகே கவிழ்த்த வாளியின்மேல் பியூலா. நீலக் கோட்டு. கழுத்தில் பெயர் அட்டை. இறக்கையில் கட்டிய சிவப்புக் குடை, தீக்குச்சியில் செய்தது, நிமிர்ந்து நின்றது.

பேருந்துக்குள் எல்லோருக்கும் அது யார் என்று புரிந்தது. ட்ரீனாவுக்கும் புரிந்தது. யாரும் இறங்க வேண்டாம், உட்காருங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதற்குத்தான் வாயைத் திறந்தாள். கிராசிங்கில் கதவு திறந்திருக்கிறது, மிஸ்டர் டீமனின் கை தூக்கியிருக்கிறது. இரண்டாம் வகுப்பு ட்ரீனாவுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

அதற்குள் வட்டக் கண்ணாடிக்காரி இறங்கிவிட்டாள். பின்னால் மற்ற இருவர், அவர்களுக்குப் பின்னால் பேருந்தே இறங்கியது. கிராசிங்கில் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரி மட்டும் அன்று ஆர்லிஸுக்கு மறந்துபோயிற்று.

எட்டு நிமிடம் ரயில் போனது. அந்த இரைச்சலில் யாரும் எதுவும் பேச முடியாது. படம் எடுத்தார்கள், வாத்தைச் சுற்றி வந்தார்கள், ட்ரீனாவைப் பார்த்தார்கள், மறுபடி வாத்தைப் பார்த்தார்கள். கடைசிப் பெட்டி போனதும் ஒல்லி மனிதர், இது யாருடைய வேலை என்று கேட்டார்.

"இது எங்க ஊரு வழிகாட்டி" என்றாள் லவோன். "பேசுறது கம்மி. அதனால தப்பும் கம்மி."

எல்லோரும் ட்ரீனாவைப் பார்த்தார்கள். அவள் காதுவரை சிவந்திருந்தாள். மெதுவாகப் பியூலாவிடம் போய், குனிந்து, கோட்டின் மடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே அடித்துணியெல்லாம் வைத்துத் தைத்திருந்தது.

"என் கோட்டவிட நல்லா தச்சிருக்கீங்க, மிஸஸ் டீமன்" என்றாள். "மூக்குதான் கொஞ்சம் பெருசு."

"இல்லடி. அளவெடுத்துதான் வச்சேன்."

முதலில் சிரித்தவள் ட்ரீனாதான். அது சிரிப்பா அழுகையா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை, அப்புறம் சிரிப்பு என்று தெரிந்தது. குறித்துக்கொள்கிறவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஆர்லிஸ் இருக்கையிலேயே இருந்தார். எஞ்சின் ஓடும்போது ஓட்டுநர் எழக் கூடாது. லவோன் நடைச்சட்டத்தை ஊன்றி, புல்தரையில் அடி அடியாக வைத்துக் கதவுவரை வந்தாள். பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு என்று அவர் உதடு எண்ணியது.

"என்ன பாக்குற? ஏத்துவியா மாட்டியா?"

"கைப்பிடி இருக்கு. பிடிச்சு ஏறு" என்றார்.

அவள் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். அது யாருக்கான இருக்கை என்று ட்ரீனாவிடம் கேட்டாள். குறும்பு பண்ணினவர்களுக்கு என்று ட்ரீனா பதில் சொன்னாள். லவோன் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். டுவைட் பியூலாவைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்துப் பெல்ட் போட்டுவிட்டான். முப்பது கிலோ.

கடைசி நிறுத்தம் கண்ணாடித் தேவாலயம். ஐந்து படி. லவோன் கீழே இறங்கி நின்று மூன்றாம் படியைக் கையால் காட்டினாள்.

"இங்கதான் விழுந்தேன். அழகு கெட்டுடும்னு கைப்பிடி வைக்கல. நான் விழுந்து கெடந்தது மட்டும் ரொம்ப அழகா இருந்திருக்கும்னு நினைக்கிறேன். ஓஹையோக்காரர் ஒருத்தரு போட்டோ வச்சிருக்காரு, கேட்டுப் பாருங்க."

அப்புறம் சும்மா நின்றாள். வாய் நின்றுவிட்டது. கால் எழவில்லை. ஆர்லிஸ் பேருந்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயே திரும்பிவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. எழுந்து ஓடப்போனார். அதற்குள் ட்ரீனா சிவப்புக் குடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முழங்கையை நீட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். லவோன் அந்தக் கையைப் பார்த்தாள், பிடித்தாள். ஐந்து படியும் ஏறினாள்.

ஆர்லிஸ் ஆறு வருடத்தில் முதல் தடவையாக நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்தார். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காது கொடுத்தார். உள்ளே கண்ணாடிக் கூரையில் எந்தெந்த இடத்தில் மழை ஒழுகும், அதற்கு எந்தெந்த வாளி என்று லவோன் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருப்பது வாசல்வரை கேட்டது. ஆர்லிஸ் அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை, பார்க்கத்தான் யாரும் இல்லையே, பியூலாவைத் தவிர.

நவம்பரில் கடிதம் வந்தது. பெல்ஃபோர்டு பட்டியலில் சேர்ந்துவிட்டது. தேவாலயத்தைப் பற்றி ஒரு பக்கம், நூலகத்தைப் பற்றி ஒரு பக்கம். அந்தப் படிக்கு ஒரு கைப்பிடி வைப்பது நல்லது என்று ஒரு வரி. சிகாகோக்காரர்களே சொல்லிவிட்டதால் கமிட்டிக்குத் தைரியம் வந்து மெல்லிசாக ஓர் இரும்புக் கைப்பிடி வைத்தார்கள். ஊர் வந்து பார்த்தது. வித்தியாசமாக இருக்கிறது என்றது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பே, அந்தச் செப்டம்பர்ப் பயணத்துக்கு அடுத்த சனிக்கிழமை, பழைய வழியிலேயே போகலாம் மிஸ்டர் டீமன் என்று ட்ரீனா சொல்லிவிட்டாள். பதினொன்றே காலுக்கு ஆர்லிஸ் ஏழாம் தெருவில் திரும்பினார். வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார், கதவைத் திறந்தார், கையைத் தூக்கினார்.

எதிரே வீட்டு முகப்பு காலியாக இருந்தது. ஜன்னல் திரை அசையவில்லை.

"இங்க எதுக்கு நிறுத்துற?" என்று முதல் இருக்கையிலிருந்து குரல் வந்தது. அதற்குப் பக்கத்தில் பியூலா பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தது. "வீட்டுலதான் யாரும் இல்லையே."

ஆர்லிஸ் திரும்பாமல் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். சட்டம் சட்டம்தான். பேருந்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நன்றாகக் காது கொடுத்துக் கேட்டார். வீட்டுக்குள் யாரும் இல்லை என்பது தெளிவாகக் கேட்டது.